ஆயில் வழிகளைக் கழுவாமல் எஞ்சினை மூடாதீர்கள்

எஞ்சின் வேலை முடிந்து என் மாருதி 800 வெளியே வந்த மூன்றாம் நாள், மொத்தம் 62 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், அடியிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. மறுபடி இறக்கிப் பிரித்தோம். புதுப் பேரிங்குகள், அதாவது சுழலும் தண்டுகளைத் தாங்கும் மெல்லிய உலோக ஓடுகள், கம்பளிப்பூச்சி ஏறிய இலைபோல வரிவரியாகக் கீறிக் கிடந்தன. நடுவில் இருந்த கான்ராட் (பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் தண்டு) பேரிங் செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. காரணம் பிஸ்டனோ பேரிங்கோ அல்ல. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் ஓடும் ஆயில் வழியில், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்த கல்லின் தூள் தங்கியிருந்தது. அதைக் கழுவ வேண்டியவன் நான். கம்ப்ரஸர் காற்றை ஒரு முனையில் அடித்தேன், மறுமுனையில் காற்று வந்தது, ‘சுத்தம்’ என்று முடிவு செய்துவிட்டேன்.

காற்று வந்தால் வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள், சுத்தமாக இருக்கிறது என்று பொருளில்லை. சந்தில் மண் கொட்டிக் கிடந்தாலும் ஆள் நடந்து போகலாம் அல்லவா? முதன்முறையாகத் தன் வண்டியின் எஞ்சினைத் தானே பிரிப்பவர்களுக்கும், மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு அருகில் நின்று பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் வண்டி 1998ஆம் ஆண்டு மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அதை மேலே மூடும் அலுமினிய ஹெட். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் கழுவும் முறை பெரிதாக மாறாது. மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. பிரிக்கும் முன்: தாள்களும் படங்களும்

முதல் வேலை ஸ்பேனர் எடுப்பதல்ல. பிளாக்கில் பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணைத் துடைத்து, எஃப்.சி.க்குச் சேஸ் எண் எடுப்பதைப் போலத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பட்டறையில் ஒரே மாதிரி பிளாக்குகள் நான்கைந்து வரிசையாகக் கிடக்கும். உங்களுடையது எது என்று நீங்களே தடுமாறும் நாள் வரும். பிளாக்கில் வெடிப்பு இருந்து வேறு பிளாக் வாங்க நேர்ந்தால் எஞ்சின் எண் மாறிவிடும். அப்போது விற்றவரின் பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ள வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பில் இல்லாத பிளாக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போது ஒரு சீட்டில் பொருள்களை எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்: பிளாக் 1, மெயின் பேரிங் கேப் 4, கிராங்க் 1, கான்ராட் 3 என்று. கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் கேப்புகள் எந்த இடத்திலிருந்து கழன்றனவோ அதே இடத்தில், அதே திசையில் திரும்பப் போக வேண்டும். போரிங்கில் சிலிண்டரை எவ்வளவு பெரிதாக்கினார்கள் (ஓவர்சைஸ்), கிரைண்டிங்கில் கிராங்கை எவ்வளவு சிறிதாக்கினார்கள் (அண்டர்சைஸ்) என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேரிங் வாங்கும் கடையில் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.

அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் ஆயில் சுற்றும் படம் உள்ள பக்கத்தையும், போல்ட் முறுக்க அளவுகள் உள்ள பக்கத்தையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கையெல்லாம் டீசலாக இருக்கும்.

2. செலவும் நாளும்

என் கணக்கைச் சொல்கிறேன். கோவையில் ஒரு சிறு பட்டறையில் கொடுத்த விலை இது. உங்கள் ஊரில் ஏறும், இறங்கும்.

ஒழுங்காகக் கழுவ ஆன செலவு: கேலரி பிளக்குகளை (ஆயில் வழிகளின் வெளிவாயை அடைக்கும் மூடிகள்) கழற்றி, பிளாக்கை மருந்துத் தொட்டியில் போட்டு எடுக்க 700 ரூபாய். பிரஷ், சோப்புத்தூள், புது பிளக்குகள் எல்லாம் சேர்த்து 450 ரூபாய். ஆக 1,150.

கழுவாமல் விட்டதற்கு ஆன செலவு: கிராங்கை மறுபடி கிரைண்டிங் செய்ய 1,500, பேரிங் செட்டுகள் 1,900, ஆயில் பம்ப் 1,450, கேஸ்கெட் செட் 1,600, ஆயிலும் ஃபில்டரும் 1,350, எஞ்சினை இறக்கி ஏற்றக் கூலி 4,500. மொத்தம் 12,300 ரூபாய். இதில் வீட்டில் வாங்கிய திட்டு சேரவில்லை.

நாள் கணக்கு: பிளக் கழற்றி முதல் கழுவல் ஒரு நாள். போரிங், ஹோனிங், கிராங்க் வேலைக்குப் பட்டறையின் நெருக்கடியைப் பொறுத்து மூன்று நாள் முதல் ஒரு வாரம். கடைசிக் கழுவலுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். பட்டறையே தன்னைக் கழுவிக்கொண்டிருக்கும், உங்கள் பிளாக் மூலையில் கிடக்கும். மழைக்காலமும் இந்த வேலைக்கு ஆகாது. ஏன் என்று 7ஆம் படியில் தெரியும். பழைய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வண்டி ஓடிப் போக வேண்டும்.

3. ஆயில் போகும் வழியை விரலால் தொட்டுப் பாருங்கள்

எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சேம்பரிலிருந்து சல்லடை வழியாகப் பம்ப் இழுக்கிறது. பம்பிலிருந்து ஃபில்டர். ஃபில்டரிலிருந்து பிளாக்கின் நீளவாக்கில் ஓடும் பெரிய துளை, அதுதான் மெயின் கேலரி. அதிலிருந்து ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் ஒரு கிளை. அங்கிருந்து கிராங்குக்குள் சாய்வாகத் துளைத்த வழியில் கான்ராட் பேரிங்குக்கு. இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் ராக்கர்களையும் நனைத்துவிட்டுக் கீழே வழிகிறது.

ஃபில்டர் இருக்கிறதே, தூளைப் பிடித்துவிடாதா என்று நானும் கேட்டேன். ஃபில்டரைத் தாண்டிய பிறகு இருக்கும் வழிகளில் தங்கிய தூள், எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே நேராகப் பேரிங்குக்குள் போகிறது. ஒரு முறை பேரிங்கை அரைத்துவிட்டுத்தான் அது சேம்பருக்கு வந்து ஃபில்டரைப் பார்க்கும்.

வெறும் பிளாக்கைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டு அது எங்கே வெளியே வருகிறது என்று பாருங்கள். சாக்பீஸால் ஜோடி ஜோடியாக எண் போடுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். இதைச் செய்தவுடன் உங்களுக்கு ஒன்று புலப்படும்: சில துளைகள் எங்கும் போகாமல் நின்றுவிடும். அங்கேதான் பிளக் இருக்கிறது.

4. பிளக்குகளைக் கழற்றுங்கள், எல்லாவற்றையும்

கேலரியைத் தொழிற்சாலையில் ஒரு பக்கத்திலிருந்து நேராகத் துளைத்துவிட்டு, வெளிவாயை பிளக்கால் அடைத்திருப்பார்கள். அந்த பிளக்குக்குப் பின்னால் உள்ள சிறு முட்டுச்சந்தில்தான் இருபது வருட அழுக்கும், இப்போது நடந்த போரிங் தூளும் குவிகின்றன. காற்று அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு முன்னாலேயே வளைந்து போய்விடும். நான் தவறவிட்ட இடம் இதுதான்.

மரை போட்ட பிளக் என்றால் சரியான அளவு ஆலன் கீயைச் சுத்தியால் தட்டி இறுக்கமாக உட்கார வைத்த பிறகே திருப்புங்கள். அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்பள்ளம் வழுக்கிவிட்டால் வேலை இரண்டு மடங்கு. பிளக்கைச் சுற்றியுள்ள பிளாக் பகுதியை கேஸ் டார்ச்சால் சூடேற்றி, சூடு இறங்கும்போது மரையின் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொடுங்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு ஆலன் கீயை இட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் கழன்றுவிடும். டார்ச் பிடிக்கும் முன் டீசல், மண்ணெண்ணெய் டப்பாக்களை அந்த அறையை விட்டே வெளியே வையுங்கள்.

அடித்து இறக்கிய கிண்ணம் போன்ற பிளக் என்றால் நடுவில் சிறு துளையிட்டு, ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். துளையிட்ட தூள் உள்ளேதான் விழும். அதனால்தான் இந்த வேலை எல்லாக் கழுவலுக்கும் முன்னால் வருகிறது. இரும்புக் குண்டு வைத்து அடைத்த இடங்களும் சில பிளாக்குகளில் உண்டு. அவற்றை நீங்களாகத் தொடாதீர்கள், பட்டறைக்காரரிடம் விடுங்கள்.

கழற்றிய ஒவ்வொரு பிளக்கையும் அதன் இடத்தோடு படம் எடுங்கள். எத்தனை என்பதைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். இந்த எண் பிறகு தேவைப்படும்.

5. முதல் கழுவல்

இது பட்டறைத் தொட்டியில் நடப்பது. கேட்க வேண்டிய ஒரே கேள்வி: தொட்டியில் இருப்பது காஸ்டிக் சோடாவா? வார்ப்பிரும்புக்கு அது நல்லது. அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும். என் வண்டியின் ஹெட்டையும், மாருதியின் கே10 போன்ற முழு அலுமினிய எஞ்சின்களின் பிளாக்கையும் காஸ்டிக்கில் போட்டால், திரும்ப வாங்கும்போது உங்களுக்கு அழுகை வரும். அவற்றுக்கு டீசல், பிறகு சோப்புத்தண்ணீர், அவ்வளவுதான்.

ஹெட்டை மணல் அடித்து, அல்லது கண்ணாடிக் குண்டு அடித்துப் பளபளவென்று தருகிறோம் என்பார்கள். வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தத் துகள் ஆயில் வழிக்குள் புகுந்தால் வெளியேற்ற முடியாது. என் வண்டியில் கேம்ஷாஃப்ட் தனி பேரிங் இல்லாமல் நேரே ஹெட்டின் அலுமினியத்திலேயே சுழல்கிறது. அங்கே கீறல் விழுந்தால் பேரிங் மாற்றித் தப்பிக்க வழியில்லை, ஹெட்டையே மாற்ற வேண்டும்.

6. கிராங்கும் ராக்கர் ஷாஃப்டும்

கிராங்கை கிரைண்டிங் செய்து எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றித் தருவார்கள். பிரித்த உடனே மாட்டத் தோன்றும். அதன் சாய்துளைகளில் கிரைண்டிங் கல்லின் சேறு நிரம்பியிருக்கும்.

இதற்கான பிரஷ் ஆட்டோமொபைல் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. மீன் தொட்டி விற்கும் கடையில் கிடைத்தது. காற்றுக் குழாய்களைக் கழுவ ஒன்றரை மீட்டர் நீளத்தில் வளையும் சுருள்கம்பி பிரஷ் வைத்திருக்கிறார்கள். மெல்லிய துளைக்கு, குழந்தைகளின் உறிஞ்சுகுழல் கழுவும் பிரஷ். இரண்டும் வாங்குங்கள்.

இரண்டாம் முறை நான் அந்த பிரஷ்ஷை கிராங்கின் நடு ஜர்னல் (பேரிங் பிடிக்கும் இடம்) துளைக்குள் விட்டு இழுத்தபோது கறுப்பும் சாம்பலுமாக ஒரு பசை ஒட்டி வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். கோலப்பொடி போல நறநறவென்றது. பட்டறைப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைத்தான் போன முறை பேரிங்குக்குத் தின்னக் கொடுத்தீர்கள்” என்றார்.

பிரஷ்ஷில் சாம்பல் நிறம் வராத வரை டீசல் தொட்டு இழுங்கள், பிறகு சோப்புத்தண்ணீர். ராக்கர் ஷாஃப்ட் உள்ளே குழலாக இருக்கும். அதையும் இதே போல. அதன் பக்கத்துளைகள் எந்தத் திசை பார்த்து இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

7. கடைசிக் கழுவல்: சுடுநீர், சோப்பு, கை

ஹோனிங் முடிந்து பிளாக் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது இது. ‘பட்டறையில் கழுவித்தான் கொடுத்தார்கள்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கழுவியது அவர்கள் திருப்திக்கு.

டீசலோ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ எண்ணெய்ப் பசையை எடுக்கும். ஹோனிங் கல்தூளை எடுக்காது. அது சிலிண்டர் சுவரின் கீறல்களிலேயே குந்தியிருக்கும். அதைக் கிளப்புவது சோப்புத்தண்ணீரும் பிரஷ்ஷும்தான். அதோடு பெட்ரோலில் கழுவுவது உயிருக்கு ஆபத்து.

செய்முறை: கை பொறுக்கும் சூட்டில் இரண்டு வாளித் தண்ணீர், துணி துவைக்கும் சோப்புத்தூள் தாராளமாக. பிளாக்கை மரக்கட்டைகள் மேல் சாய்த்து வையுங்கள். முதலில் மெயின் கேலரி: பிரஷ்ஷை ஒரு வாயில் விட்டு மறு வாயில் முழுதாக வெளியே இழுங்கள். பாதியில் பின்னிழுத்தால் அழுக்கை நடுவில் சேர்த்துவைத்த கதை. பிறகு ஒவ்வொரு கிளை. கிளையிலிருந்து கேலரி நோக்கி, அதாவது ஆயில் ஓடும் திசைக்கு எதிராக, பெரிய சிரிஞ்சில் சோப்புத்தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சிறு துளையில் சிக்கியது பெரிய துளை வழியாக வெளியேறட்டும். நீங்கள் போட்ட சாக்பீஸ் எண்களின்படி ஒன்று விடாமல் போங்கள். போல்ட் துளைகளையும் விடாதீர்கள். பிறகு சிலிண்டர்கள். கடைசியில் குழாய்த்தண்ணீரைக் கேலரிக்குள் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். முழுவதையும் மூன்று முறை செய்தேன். இரண்டாம் முறை வாளித்தண்ணீர் சாம்பல் நிறம், மூன்றாம் முறை தெளிவு.

இனி அவசரம். ஈர வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். காற்றில் ஈரம் இருந்தால் நீங்கள் துண்டை எடுத்துவரும் முன் சிலிண்டர் சுவர் மஞ்சளாகிவிடும். கம்ப்ரஸரைத் தயாராக வைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் காற்றடியுங்கள். எதிர்வாயில் முகத்தை வைக்காதீர்கள். காய்ந்தவுடன் புது எஞ்சின் ஆயிலைச் சிலிண்டர்களிலும் மெயின் பேரிங் உட்காரும் இடங்களிலும் கையால் தடவுங்கள். கேலரிக்குள் சிரிஞ்சால் ஊற்றுங்கள்.

சோதனை: பலமுறை துவைத்து நைந்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து, ஆயில் தொட்டு, சிலிண்டரைத் துடையுங்கள். பிரஷ்ஷில் சுற்றிக் கேலரிக்குள்ளும் விட்டு இழுங்கள். துணி சாம்பலானால் வாளிக்குத் திரும்புங்கள். ஆயில் நிறம் மட்டும் தெரிந்தால் முடிந்தது. பட்டறைகளில் கைதுடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்டை இதற்கு எடுக்காதீர்கள். அது நூல் நூலாகப் பிரிந்து துளைக்குள் தங்கும்.

அன்றே கோப்பது நல்லது. முடியாவிட்டால் பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டுங்கள். அழுக்கு டீசலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்கிப்போகிறவரிடம் கொடுங்கள்.

8. பம்ப், சல்லடை, வால்வு

பிளாக்கை மட்டும் கழுவிவிட்டுப் பழைய சல்லடையை அப்படியே மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணில் அடைப்பு இருந்து கழுவியும் போகவில்லை என்றால் புதிது வாங்குங்கள். அதில் ரப்பர் போன்ற துணுக்குகள் சிக்கியிருந்தால், முந்தைய வேலையில் யாரோ கேஸ்கெட் பசையைப் பிதுங்கப் பிதுங்கத் தடவியிருக்கிறார் என்று அர்த்தம். நீங்களும் அதைச் செய்யாதீர்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம், உள்ளே பிதுங்கியது அறுந்து சல்லடைக்கு வரும்.

ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி, அதன் குழாயில் பிஸ்டன் தடங்கலின்றி வழுக்குகிறதா பாருங்கள். சிறு துகள் மாட்டித் திறந்தபடி நின்றுவிட்டால் எவ்வளவு நல்ல பம்பாலும் அழுத்தம் வராது.

ஆயில் கூலர் உள்ள வண்டியில் பேரிங் ஒருமுறை அரைபட்டிருந்தால், கூலரை மாற்றிவிடுவதே என் கருத்து. அதன் உட்புற மடிப்புகளைக் கழுவி முடித்தோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டீசல் வண்டிகள் பலவற்றில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் சிறு ஜெட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றித் தனியே கழுவுங்கள், கம்பி விட்டுக் குடைந்து வாயைப் பெரிதாக்காதீர்கள், வளைக்காதீர்கள்.

9. பிளக்குகள் திரும்பப் போகும் நேரம்

சுவரில் எழுதிய எண்ணைப் பாருங்கள். கையில் அத்தனை புது பிளக் இருக்கிறதா? டைமிங் பக்கக் கவருக்குப் பின்னால் போகும் பிளக் மறந்துபோனால், எஞ்சின் முழுதாகக் கோத்து வண்டியில் ஏறிய பிறகுதான் தெரியும்: ஆயில் விளக்கு அணையாது. மரை பிளக்குக்கு மரையில் மட்டும் துளி பசை, முதல் இரண்டு மரை வெறுமனே. உள்ளே அதிகமாக இறக்கினால் பக்கக் கிளையின் வாயை அதுவே மூடிவிடும். பழைய பிளக் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதற்குத்தான் அந்தப் படம்.

10. முதல் ஸ்டார்ட்

பம்பின் பற்களுக்கிடையே வாசலின் நிரப்பிக் கோத்துவிடுங்கள், காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும். கோத்து முடித்ததும் ஆயில் பிரஷர் சுவிட்ச் துளை வழியாக ஆயில் டப்பாவால் கேலரியை நிரப்புங்கள். அதே துளையில் முள் காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். பட்டறையில் இரவல் கிடைக்கும். டாஷ்போர்டு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரையும் எடுத்துவிட்டு, செல்ஃபைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி. எனக்கு நான்காம் சுற்றில் முள் எழுந்தது. முள் எழாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ராக்கர் கவரைத் திறந்து வைத்து ஹெட்டுக்கு ஆயில் ஏறியதா என்று கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள்.

ஸ்டார்ட் ஆன பிறகு கேஜை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள், எஞ்சின் சூடான பிறகு ஒருமுறை மறுபடியும். முதல் ஆயிலை 300 கிலோமீட்டரில் இறக்கினேன். விலையுயர்ந்த ஆயிலை அந்த முதல் நிரப்பலுக்கு வீணாக்க வேண்டாம், மேனுவல் சொல்லும் தடிமனில் சாதாரண ஆயில் போதும்.

கழற்றிய ஃபில்டரை எறியாதீர்கள். மேல்தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே மடித்திருக்கும் தாளை நீட்டி வெயிலில் பாருங்கள். அங்கங்கே மெல்லிய மினுமினுப்பு இருந்தால் புது ரிங்குகள் படிந்த தூள், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதில்கள் கண்ணுக்குத் தெரியுமளவு இருந்தால் அது பேரிங். வண்டியை அங்கேயே நிறுத்தி, சேம்பரைக் கழற்றி ஒரு கான்ராட் கேப்பைத் திறந்து பாருங்கள். இரண்டாம் முறை என் ஃபில்டரில் இருந்தவை ஒரு பசைத் துணுக்கும், என் வேட்டியின் ஒரு நூலும்.